அருகம்புல்: மண்வெட்டிக்கு ஒரு நேரம், மருந்துக்கு வேறு நேரம்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் சென்னை மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் கடைத்தெருவிலும் அருகம்புல் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வரும். காலையில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் நடைப்பயிற்சி முடித்து வருபவர்களுக்கு அருகம்புல் சாறு விற்கிறார்கள். நகரத்தில் காசு கொடுத்து வாங்கும் அதே புல்லை ஒழிக்கத்தான் கிராமத்தில் நீங்கள் ஆள் விட்டுக் கூலி கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே செடிதான்.

"மூன்று முறை கொத்திவிட்டோம், இரண்டு முறை மருந்தும் அடித்துவிட்டோம், மறுபடியும் வருகிறது" என்பது பல விவசாயிகளின் குறை. பெரும்பாலும் மருந்து மட்டமானது என்பதோ ஆள் சரியாக வேலை செய்யவில்லை என்பதோ இதற்குக் காரணம் அல்ல. தவறான நேரத்தில் செய்ததுதான் காரணம். சரியான நேரம் எது என்பதை இந்தப் புல்லின் உடலமைப்பே சொல்லிவிடும்.

பெயரிலேயே இருக்கிறது விஷயம்

அருகம்புல்லின் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். 1753-ல் லின்னேயஸ் இதைச் சாமையும் பனிவரகும் உள்ள பேனிகம் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். 1805-ல் இது சைனோடான் என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. கிரேக்க மொழியில் சைனோடான் என்றால் நாய்ப்பல் என்று பொருள். மண்ணுக்குள் ஓடும் தண்டின் மீது பல் போலக் கூர்மையாக, கெட்டியாக இருக்கும் செதில்களைப் பார்த்து வந்த பெயர் இது. டாக்டிலான் என்பது விரலைக் குறிக்கும். பூங்கதிர் கைவிரல்களை விரித்தாற்போல் இருப்பதால் அந்தப் பெயர்.

இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ பத்து இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவில் தீவனமாக வளர்க்கப்படும் நட்சத்திரப்புல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உலகின் பல நாடுகளில் கோல்ஃப் மைதானங்களில் விரித்திருக்கும் டிஃப்வே என்ற புல், நம் அருகையும் தென்னாப்பிரிக்க இனம் ஒன்றையும் சேர்த்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கிய கலப்பினம். அது விதை பிடிக்காது. தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். விதையே இல்லாமல் ஒரு மைதானத்தை மூட முடியும் என்றால், உங்கள் வயலை மூடவும் இந்தப் புல்லுக்கு விதை தேவையில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேரினத்தை ஆராய்ந்த வரலாறு நீண்டது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம், அடையாறுக்கும் தி.நகருக்கும் அருகிலுள்ள சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி. அது 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறியது. அங்கே தாவரவியல் கற்பித்த கே. ரங்காச்சாரி 1921-ல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். அவரும் சி. தாதுலிங்கமும் சேர்ந்து தென்னிந்தியாவில் வளரும் ஓர் அருகு இனத்துக்கு, கோவையில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த சி.ஏ. பார்பரின் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் விவரித்த மற்றோர் இனத்துக்கும் நம் சாதாரண அருகுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, அதற்கு மண்ணுக்கு அடியில் தண்டு கிடையாது என்பதுதான். நூறு ஆண்டுக்கு முன் அவர்கள் பார்த்த அந்த வேறுபாட்டைத்தான் இன்று நீங்களும் உங்கள் வயலில் முதலில் பார்க்க வேண்டும்.

அருகுதானா என்று எப்படி அறிவது?

- இலை மெல்லியதாக, நீலம் கலந்த பச்சையாக இருக்கும். இலை தண்டைத் தொடும் இடத்தை விரித்துப் பார்த்தால் வெள்ளை மயிர் வரிசை ஒன்று தெரியும்.
- ஒரே கணுவிலிருந்து இரண்டு மூன்று இலைகள் எதிரெதிரே வருவது போலத் தோன்றும். உண்மையில் கணுக்கள் மிக நெருக்கமாக இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது.
- தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து 3 முதல் 6 கதிர்கள் விரல் போலப் பிரியும். ஒவ்வொன்றும் 2 முதல் 6 செ.மீ. நீளம் இருக்கும். சிறு பூக்கள் கதிரின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசையாக அமைந்திருக்கும்.

அருகைப் போலவே தோன்றும் வேறு சில புற்களும் உண்டு. காக்காக்கால் புல்லின் கதிர் குட்டையாகவும் தடித்தும் இருக்கும், நுனியில் ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். சாலை ஓரங்களில் நிறைய காணும் கொண்டைப்புல்லின் கதிர் ஊதா நிறத்தில் மயிர் மயிராக இருக்கும். இஞ்சிப்புல்லுக்கு மண்ணுக்குள் இஞ்சி போன்ற தடித்த தண்டு உண்டு, கதிர் விரல் போல் பிரியாது. கோரை புல்லே அல்ல. அதன் தண்டு முக்கோணமாக இருக்கும், மண்ணில் கிழங்கு இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் "புல்" என்று சொல்லிக் கடையில் மருந்து கேட்டால் பணம்தான் வீணாகும்.

ஒரு செடிக்கு இரண்டு தண்டு

அருகுக்கு இரண்டு வகைத் தண்டு உண்டு. தரைமேல் ஓடுவது ஓடுதண்டு. இது கணுவுக்குக் கணு வேர்விட்டு இடம் பிடிக்கும். மண்ணுக்குள் ஓடுவது மட்டநிலத்தண்டு. விவசாயிகள் பலர் இதை "வேர்" என்கிறார்கள். ஆனால் இது வேர் அல்ல. வேரில் கணு இருக்காது, இதில் கணு இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

கணுக்களுக்கு இடையே 2 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தண்டில் 50 மொட்டுகள் இருக்கும். அதை ரோட்டவேட்டர் ஐம்பது துண்டாக நறுக்கினால், மண்ணில் ஈரமும் இருந்தால், ஐம்பது செடி முளைக்க வழி உண்டு.

மட்டநிலத்தண்டின் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணிலேயே இருக்கும். ஆனால் இளகிய மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இன்னும் ஆழமாகப் போகும். களைக்கொத்தால் மேலாக 5 செ.மீ. கொத்தினால் புல்லின் தலைமுடியை வெட்டியது போலத்தான். "ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துவது சும்மா இல்லை.

கரும்பு, மக்காச்சோளம் போலவே அருகும் கடும் வெயிலில் வேகமாக மாவுச்சத்து தயாரிக்கும் வகைப் புல். இலையில் தயாரிக்கும் உணவை மட்டநிலத்தண்டில் சேமித்து வைக்கிறது. வெட்டினாலும், மேய்ந்தாலும், வறட்சி வந்தாலும் அந்தச் சேமிப்பை வைத்து மறுபடி தளிர்க்கிறது. உப்பையும் தாங்கும். அடையாறு முகத்துவாரம், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணல் பகுதிகளிலும் உயிர் வாழக்கூடியது. உங்கள் நிலம் களர் உவராக இருந்து பயிர் மெலிந்து நின்றால், அந்த இடைவெளியை முதலில் பிடிப்பதும் அருகாகத்தான் இருக்கும்.

அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: நிழல். எந்தப் பூங்காவிலும் அடர்ந்த மரத்தடியில் புல்தரை மெலிந்து மண் தெரிவதைப் பார்க்கலாம். வெயில் கிடைக்காவிட்டால் சேமிப்பு குறையும்.

முதல் வேலை: ஒரு குழி தோண்டுங்கள்

எந்தச் செலவும் செய்வதற்கு முன், புல் அடர்ந்த மூன்று நான்கு இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு, ஓர் அடிக்கு ஓர் அடி குழி எடுத்துப் பாருங்கள். வெண்மையான, செதில் மூடிய, கூர்நுனி கொண்ட தண்டுகள் மண்ணுக்குள் இருந்தால் அது மட்டநிலத்தண்டு உள்ள அருகு. அது எந்த ஆழம் வரை போகிறது என்று அளந்து கொள்ளுங்கள். உழவு அந்த ஆழத்துக்குப் போக வேண்டும்.

தரைமேல் ஓடும் தண்டு மட்டும் இருந்து, மண்ணுக்குள் ஒன்றும் இல்லையென்றால் அது வேறு இனமாகவோ, இப்போதுதான் புதிதாக நுழைந்த இளம் செடியாகவோ இருக்கலாம். அதைக் கையால் இழுத்து அகற்றினாலே போதும். மருந்து தேவையில்லை.

மண்வெட்டிக்கும் கலப்பைக்கும் உரிய நேரம்

தளிர் விடும்போது மட்டநிலத்தண்டின் சேமிப்பு கரைகிறது. புதுத் தளிரில் இரண்டு மூன்று இலை விரிந்த நேரத்தில் சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு இலைகள் உணவு தயாரித்து மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும். ஆகவே கொத்துவது, உழுவது, அறுப்பது எல்லாம் தளிர் சிறிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். "கொஞ்சம் வளரட்டும், சேர்த்துக் கொத்தலாம்" என்று விட்டால் அடுத்த சுற்றுக்கு நீங்களே அதற்குச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். அருகு உள்ள நிலத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

1. கோடை மழைக்குப் பின், மண் பதமாக இருக்கும்போது சட்டிக் கலப்பை அல்லது இறக்கைக் கலப்பையால் 20 முதல் 25 செ.மீ. ஆழம் புரட்டி உழவும். கட்டி பெரிதாக இருந்தால் நல்லது, உடைக்க வேண்டாம்.
2. வெயிலில் நன்றாகக் காய விடவும். மட்டநிலத்தண்டின் எதிரி வறட்சியான காற்றும் வெயிலும்தான்.
3. பிறகு கொத்துக் கலப்பை ஓட்டினால் தண்டுகள் மேலே வரும். அவற்றைச் சேர்த்து அள்ளி, வரப்பில் போடாமல் களத்தில் உலர்த்துங்கள். முழுமையாகச் சருகான பிறகே குப்பைக் குழிக்குப் போக வேண்டும். பச்சையாக எருக்குழியில் போட்டால் எருவோடு மறுபடி வயலுக்கே வரும்.
4. மிச்சம் தளிர்க்கும். இரண்டு மூன்று இலை விட்டதும் மறுபடி உழவும். கோடையில் இப்படி இரண்டு மூன்று சுற்று கிடைத்தால் அந்த ஆண்டே வேறுபாடு தெரியும்.

ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டுவதைத் தவிர்க்கவும். அருகு அடர்ந்த வயலில் ஓட்டிய ரோட்டவேட்டரைக் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டு போகவும் வேண்டாம். கத்தியில் சுற்றிய தண்டே அடுத்த வயலுக்கு நடவு. வாடகைக்கு வரும் இயந்திரமாக இருந்தால், வயலில் இறக்குவதற்கு முன் கத்திகளை நீங்களே பாருங்கள்.

நெல் வயலில் நன்றாகச் சேறடித்துத் தண்ணீர் கட்டினால் அருகு அடங்கிவிடும். ஆனால் வரப்பில் உட்கார்ந்திருக்கும். அறுவடைக்குப் பின் வரப்பிலிருந்து ஓடுதண்டு வயலுக்குள் இறங்கும். அதனால் வரப்பின் உள்பக்கத்தை ஒவ்வொரு பருவமும் செதுக்கி விடுங்கள். வரப்பின் மேலுள்ள அருகை முழுவதும் ஒழிக்க வேண்டாம். மழையில் வரப்பு கரையாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான், மாட்டுக்கும் நல்ல தீனி.

நிழலே செலவில்லாத மருந்து

உழவுக்குப் பின் நிலத்தைச் சும்மா போட வேண்டாம். சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு போல விரைவாகத் தரையை மூடும் பயிரை நெருக்கமாக விதைத்தால் மிஞ்சிய தளிர்களுக்கு வெயில் கிடைக்காது. பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் நிலத்துக்கு உரமும் ஆகும். காய்கறியில் நிலப்போர்வை விரிப்பதாக இருந்தால் கறுப்பு நிறம் உள்ளதைத் தேர்வு செய்யவும். இளம் தென்னந்தோப்பில் ஊடுபயிர் இல்லாத இடம் அருகுக்குத்தான் போகும் என்பதை நினைவில் வைக்கவும்.

மருந்துக்கு உரிய நேரம்

இங்கே கணக்கு தலைகீழ். மருந்து இலை வழியாக நுழைந்து மட்டநிலத்தண்டு வரை போக வேண்டும். அதற்கு இலை நிறைய இருக்க வேண்டும், உணவு கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டத்தோடுதான் மருந்தும் போகும். ஆகவே கொத்திய மறுவாரம் தெளிப்பது வீண். புல் ஒரு சாண் அளவு நன்றாக வளர்ந்து, பூக்கத் தொடங்கும் பருவத்தில் தெளிக்க வேண்டும். வறட்சியில் வாடிய புல்லிலும் மருந்து உள்ளே போகாது.

பயிர் நிற்கும் வயலில், அகன்ற இலைப் பயிர்களான நிலக்கடலை, பருத்தி, உளுந்து போன்றவற்றில் புல் வகைகளை மட்டும் தாக்கும் குயிசாலோஃபாப் எத்தில் போன்ற மருந்துகள் உள்ளன. இவை அருகை அடக்கும், ஒரே தெளிப்பில் ஒழித்துவிடாது. நெல், சோளம், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவையும் புல் குடும்பம்தான் என்பதால் அவற்றில் இதைத் தெளிக்கவே கூடாது.

கிளைபோசேட் மட்டநிலத்தண்டு வரை போகக்கூடியது. ஆனால் பயிரையும் களையையும் வேறுபாடு பார்க்காமல் கொல்லும். இந்தியாவில் அதற்குப் பதிவு அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அதைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமே பயன்படுத்த வேண்டும் என்றது. எனவே கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டபிறகே முடிவு செய்யுங்கள். எந்தக் களைக்கொல்லியானாலும் அளவு டப்பாவின் ஒட்டுச்சீட்டில் உள்ளபடிதான். கிளைபோசேட்டைச் சேற்றுத் தண்ணீரில் கலந்தால் மண் துகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. தெளித்தபின் உடனே உழுதால் மருந்து கீழே போகும் வழியை நீங்களே வெட்டியதாகும். இரண்டு வாரமாவது பொறுக்கவும்.

தெளித்த புல் யார் வாய்க்குப் போகிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

அருகம்புல் பல ஊர்களில் யாருக்கும் சொந்தமில்லாத புல்லாகக் கருதப்படுகிறது. மாட்டுக்குப் புல் அறுக்க வருபவர் வரப்பில் அறுப்பார். சதுர்த்தி நெருங்கினால் சென்னைக்குக் கட்டு அனுப்புபவரும் அதே வரப்பில் அறுப்பார். நேற்று நீங்கள் தெளித்திருந்தால் புல்லைப் பார்த்து அவருக்குத் தெரியாது. தெளித்த புல் மஞ்சளாக மாறச் சில நாட்கள் ஆகும். அதுவரை பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அந்தக் கட்டு கோயிலுக்குப் போனால் மாலையோடு முடிந்தது. சாறு பிழிபவர் கைக்குப் போனால், மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒருவர் அதை வெறும் வயிற்றில் குடிப்பார்.

- தெளித்த வரப்பின் இரு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுங்கள். புல் அறுக்க வருபவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள்.
- தெளித்த இடத்துப் புல்லை அந்தப் பருவம் முழுவதும் மனிதர் உபயோகத்துக்கு அறுக்க விடாதீர்கள். மாட்டை விடுவதற்கு ஒட்டுச்சீட்டில் உள்ள இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்.
- நீங்களே புல் விற்பவராக இருந்தால், யார் வயல் வரப்பு, எப்போது தெளித்தார்கள் என்று தெரியாத இடத்தில் அறுக்காதீர்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்ற கழிவுநீர் ஓடும் கரைகள், நெடுஞ்சாலை ஓரம், ரயில் பாதை ஓரம் ஆகியவையும் வேண்டாம்.

விற்கத்தான் வேண்டுமென்றால் தனியாக வளர்க்கலாம்

நகரத்துக்கு அருகே உள்ள ஊர்களில் கிணற்று நீர் வசதி இருந்தால், ஒரு சென்ட் அளவில் தொடங்கிப் பார்க்கலாம். இதற்கு விதை வாங்க வேண்டாம். மருந்து படாத இடத்திலிருந்து இரண்டு மூன்று கணு உள்ள ஓடுதண்டுகளை எடுத்து, முழு வெயில் விழும் மேட்டுப்பாத்தியில் அரை அடி இடைவெளியில் நடவும். நன்கு மக்கிய தொழுஉரம் போதும். கணு ஒன்றாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். வேர் பிடிக்கும் வரை மண் காயக் கூடாது.

தரை மூடிய பிறகு, மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டுக் கூர்மையான அரிவாளால் அறுக்கவும். பிடுங்கினால் மண்ணும் வேரும் சேர்ந்து வந்து தரம் குறையும். கதிரில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அது கரிப்பூட்டை நோய். அந்தப் பகுதியை ஒதுக்கிவிடவும். நல்ல தண்ணீரில் அலசி, ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் வைத்து அனுப்பினால் வாடாது. சதுர்த்தி ஒரு நாளோடு முடியும், சங்கடஹர சதுர்த்தி மாதாமாதம் வரும். நிலையாக வாங்குபவரைப் பேசி வைத்த பின்பே பரப்பைக் கூட்டவும்.

பாத்தியைச் சுற்றி இரண்டு அடி அகலத்தில் வெறும் நடைபாதை விட்டு, வாரம் ஒருமுறை வெளியே வரும் ஓடுதண்டுகளை நறுக்க வேண்டும். பயிர் வயலை ஒட்டி இந்தப் பாத்தியைப் போடவே வேண்டாம். இந்தப் புல் எல்லை அறியாது.

சுருக்கமாக

- குழி எடுத்து மட்டநிலத்தண்டு இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று பார்க்கவும்.
- கொத்துவதும் உழுவதும் தளிர் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது.
- தெளிப்பது புல் வளர்ந்து பூக்கத் தொடங்கும்போது, அனுமதி உள்ள மருந்து மட்டும்.
- கோடை உழவுக்குப் பின் தரையை நிழலாக்கும் பயிர்.
- தெளித்த வரப்பில் அடையாளக் குச்சி கட்டாயம்.

ஒரே பருவத்தில் அருகை அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு கோடை தொடர்ந்து இந்த முறையைக் கடைப்பிடித்தால், வயலில் இருக்கும் அருகு வரப்புக்குப் போய்விடும். அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.